மண்ணை விடாத சக்கரம்

எம்பிலிப்பிட்டியவில் நின்று வடமேற்கே பார்த்தால் இறக்குவானை மலைத்தொடர். தெற்கே திரும்பினால் வளவை கங்கை அம்பலாந்தோட்டைக் கடலை நோக்கி இறங்கும் வறண்ட சமவெளி. பெல்மதுளையிலிருந்து நோனாகம வரை ஓடும் ஏ-18 வீதி இந்த இரண்டு உலகங்களையும் ஒரே மூச்சில் கடந்துவிடுகிறது. ஒரு மலைச் சைக்கிளின் குணம் முழுவதையும் அறிய விரும்புகிறவருக்கு இலங்கையில் இதைவிடப் பொருத்தமான ஊரைச் சொல்வது எனக்குக் கடினம். சந்திரிகா வாவிக் கட்டைச் சுற்றிக் காய்ந்த சரளை. வேனில் ஏற்றிக்கொண்டு கொடகவெல தாண்டினால் இறப்பர் மரங்களின் ஈர நிழல். இன்னும் மேலே இறக்குவானைப் பக்கம் போனால் தேயிலை மலைகளும் அவற்றைக் குறுக்கே கிழித்து இறங்கும் நடைபாதைகளும். ஒரே நாளில் மூன்று வகை மண்ணும் ஒரே டயருக்கு அடியில் வரும்.

முன்னாலும் பின்னாலும் ஷொக் வைத்த டிரெயில் பைக் ஒன்றைத் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோனால் முதலில் வரும் கேள்வி, “குலுங்காம போகுமா?” என்பதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஸ்பிரிங் என்றாலே சொகுசு என்றுதான் கார் பழக்கி வைத்திருக்கிறது. ஆனால் கரடுமுரடான இறக்கத்தில் ஓட்டுபவர் சீட்டில் உட்காருவதே இல்லை. இரண்டு பெடல்களையும் ஒரே மட்டத்தில் வைத்து, முழங்கால் மடக்கி, நின்றுகொண்டுதான் இறங்குகிறார். அப்படியானால் ஷொக் தரும் அந்த 140 மில்லிமீற்றர் அசைவு யாருக்காக? டயருக்காக. காற்றில் நிற்கும் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது, திருப்பமும் கிடையாது. சக்கரம் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்கு வண்டி ஓட்டுபவர் சொல் கேட்கும். இந்த வண்டியின் அழகெல்லாம் அந்த ஒரு தொடுகையைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்ட நுண்ணிய வேலைகளில் இருக்கிறது.

தேயிலை மலையில் ஒரு கானைக் கடப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். சரிவுக்குக் குறுக்கே, மழைநீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கத் தோண்டிய கான்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. குறுக்குப் பாதை அதைச் சந்திக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு கருங்கல்லைப் பாலமாகப் போட்டிருப்பார்கள். அந்தக் கல்லின் விளிம்பு கூரானது. அதற்கு முன்னால் பலரது கால்கள் மிதித்து மிதித்துக் குழிந்த பள்ளம். ஆகவே சக்கரம் முதலில் கீழே விழுகிறது, உடனே மேலே மோதுகிறது. சாதாரண நடையில், மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கினால், முன்சக்கரம் கல்லைத் தொட்டு ஏறக்குறைய கால் விநாடி கழித்துப் பின்சக்கரம் தொடும். அந்தக் கால் விநாடிக்குள் நடப்பவற்றை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் பள்ளம். ஷொக் வைத்த வண்டியில் ஏறி நின்றதுமே, ஓட்டுபவரின் எடையில் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். 140 மில்லிமீற்றர் அசைவுள்ள வண்டியில் அதில் முப்பது சதவீதம், அதாவது 42 மில்லிமீற்றர் அளவுக்குத் தாழும்படி காற்றழுத்தத்தை வைப்பது வழக்கம். முதன்முறை கேட்பவருக்கு இது வீணாகத் தோன்றும். மேடு வரும் முன்பே மூன்றில் ஒரு பங்கைச் செலவழித்துவிட்டோமே என்று நினைப்பார். அந்த 42 மில்லிமீற்றர்தான் பள்ளத்துக்கான கையிருப்பு. நிலம் திடீரென்று கீழே போகும்போது சக்கரம் மட்டும் அதைத் தொடர்ந்து கீழே நீள்கிறது. உடம்பும் சட்டமும் போன கோட்டிலேயே போகின்றன. மேடுகளை விழுங்குவதைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். பள்ளத்துக்குள் சக்கரம் சத்தமில்லாமல் இறங்கி மண்ணைத் தொட்டுக்கொண்டே இருப்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. எனக்கு இந்த வண்டியின் மிக உயர்ந்த நயமே அதுதான்.

பிறகு கல். பின் ஷொக்கின் மொத்த நீளம் 210 மில்லிமீற்றர், அதன் தண்டு உள்ளே போவது வெறும் 50 மில்லிமீற்றர். சக்கரத்தின் 140 மில்லிமீற்றர் அசைவை இணைப்புக் கைகள் அந்த 50-க்குள் சுருக்கித் தருகின்றன. சராசரி 2.8-க்கு 1. ஆனால் இந்த விகிதம் ஓட்டம் முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. நல்ல வடிவமைப்பில் தொடக்கத்தில் மூன்றைத் தாண்டியும் முடிவில் இரண்டரையை ஒட்டியும் வரும்படி கைகளின் நீளத்தையும் முனைகளின் இடத்தையும் தீர்மானித்திருப்பார்கள். தொடக்கத்தில் சிறு கூழாங்கல்லுக்கும் சக்கரம் இணங்குகிறது. கடைசியில் பெரிய அடிக்கு விறைத்து நின்று தடுக்கிறது. உள்ளே இருப்பது எஃகு ஸ்பிரிங் அல்ல, காற்று. காற்றை அமுக்க அமுக்க அதன் எதிர்ப்பு நேர்கோட்டில் கூடுவதில்லை, கடைசியில் செங்குத்தாக ஏறும். ஆகவே இந்த இரண்டு வளைவுகளும் ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்து, கடைசி அங்குலத்தில் “டங்” என்று இரும்பு இரும்பில் மோதாத ஒரு முடிவைத் தருகின்றன. காற்றறைக்குள் சிறு பிளாஸ்டிக் துண்டு ஒன்றைப் போட்டு இடத்தைக் குறைத்தால் அந்த முடிவு இன்னும் கெட்டியாகும். ஒரு துண்டு கூடினாலே கால் பாதத்தில் வித்தியாசம் தெரியும்.

காற்று வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தே தீரும். கொடுக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் சக்கரம் கல்லைத் தாண்டிய கையோடு ஓட்டுபவரைத் தூக்கி எறியும். இங்கேதான் எண்ணெய் வருகிறது. ஷொக்குக்குள் ஒரு பிஸ்டன், அதன் துளைகளை மூடியபடி மெல்லிய எஃகு வளையத் தகடுகள் அடுக்காக இருக்கின்றன. எண்ணெய் அழுத்தும்போது அந்தத் தகடுகள் வளைந்து வழி விடுகின்றன. மெதுவான அசைவுக்குக் கொஞ்சம், வேகமான அடிக்கு நிறைய. மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள தகடுகள் அவை. அந்த அடுக்கின் ஒழுங்கை மாற்றினால் வண்டியின் மனநிலையே மாறிவிடும். கல்லின் அடியை எண்ணெய் வெப்பமாக மாற்றிவிடுகிறது. நீளமான இறக்கத்தின் முடிவில் ஷொக்கின் உடலைத் தொட்டுப் பாருங்கள், கைக்குச் சூடாக இருக்கும். மலையில் உங்களை வந்து சேராத அடிகளெல்லாம் அந்தச் சூட்டில் இருக்கின்றன.

இறக்குவானைப் பக்கத் தோட்டம் ஒன்றில், கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு மேலே உள்ள பாதையில் இறங்கி வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா கேட்டார்: “என்னா தம்பி, ஒங்க சைக்கிளு முட்டிய மடக்கி எறங்குது?” நான் கேட்ட விமர்சனங்களிலேயே துல்லியமானது அது. அவரே சற்று முன்பு நிறைந்த கொழுந்துச் சாக்கைத் தலைக் கயிற்றில் தாங்கி முதுகில் போட்டுக்கொண்டு அதே பாதையில் இறங்கியிருந்தார். முழங்கால்கள் மட்டும் ஒவ்வொரு படிக்கும் அளந்து மடங்கின. இடுப்புக்கு மேலே தலையும் சாக்கும் ஒரே கோட்டில் வழுக்கிக்கொண்டு வந்தன. பாதம் எந்தக் கல்லிலும் தட்டென்று விழவில்லை, எந்தக் கல்லிலிருந்தும் அவசரமாக எழவும் இல்லை. நல்ல ஷொக்கின் எண்ணெய் செய்வது அச்சாக அதைத்தான். பொறியியலாளர்கள் தகடு தகடாக மாற்றித் தேடியதை அந்த முழங்கால்கள் பாரத்தின் கீழேயே கற்றிருந்தன.

சட்டத்தின் கோணங்களைப் பற்றிச் சொல்லாமல் ஓட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. 1976-இல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், பைன் மலைச்சரிவில், ‘ரீபாக்’ என்ற புழுதி வீதியில் பழைய கனத்த சைக்கிள்களைப் போட்டிக்கு இறக்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் ஒன்றுதான் அவற்றில். ஒரு இறக்கத்திலேயே ஹப்புக்குள் இருந்த கிரீஸ் புகைந்து எரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால் வீதிக்கே அந்தப் பெயர். அங்கிருந்து வளர்ந்த மலைச் சைக்கிள்கள் 1990-களில் ஏறத்தாழ 71 பாகையில் முன் கழுத்தை வைத்திருந்தன. வீதிச் சைக்கிளின் மரபு அது. இன்றைய டிரெயில் பைக்கில் அந்தக் கோணம் 65 பாகைக்கு அருகில். ஆறு பாகை என்பது காகிதத்தில் சின்ன வித்தியாசம். கழுத்தின் கோட்டைத் தரைவரை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும். இடையிலுள்ள தூரம்தான் சக்கரத்தை நேராக இழுத்து வைத்திருக்கிறது. பழைய 26 அங்குலச் சக்கர வண்டியில் அது ஏறக்குறைய 75 மில்லிமீற்றர். இன்றைய 29 அங்குலச் சக்கரத்தில், 65 பாகையில், 44 மில்லிமீற்றர் முன்தள்ளல் உள்ள ஃபோர்க்கோடு கணக்குப் போட்டால் 124 வருகிறது.

இந்தக் கூடுதல் ஐம்பது மில்லிமீற்றரைக் கையால் உணரலாம். தேயிலை மலையின் செங்குத்தான குறுக்குப் பாதையில் முன்சக்கரம் ஒரு கல்லின் ஓரத்தில் பட்டால், பழைய வண்டியின் ஹேண்டில் வெடுக்கென்று திரும்பி ஓட்டுபவரை முன்னால் கவிழ்க்கும். புதிய வண்டியில் ஹேண்டில் ஒரு கணம் நடுங்கிவிட்டுத் தானே நேர்கோட்டுக்கு வருகிறது. இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையில் 1,220 மில்லிமீற்றர் இருப்பதால், சரிவு எவ்வளவு சாய்ந்தாலும் உடல் எடை இரண்டுக்கும் நடுவிலேயே தங்குகிறது. பழைய வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால் பிட்டத்தைத் தொங்கவிட்டு இறங்கியவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை தெரியும். இன்று முன்னால் சாய்ந்து, நெஞ்சை ஹேண்டிலுக்கு மேல் வைத்து இறங்க வேண்டும். அப்போதுதான் முன் டயர் திருப்பத்தில் கடிக்கும். பயத்தில் பின்வாங்கினால் வண்டி நேரே போய்விடும். அது ஓட்டுபவரிடம் முன்னால் வரும் துணிவைக் கேட்கிறது, கொடுத்தால் பல மடங்காகத் திருப்பித் தருகிறது.

விலையும் உண்டு. புலுத்தோட்டைக் கொண்டை ஊசி வளைவுகளைத் தார் வீதியில் ஏறும்போது, நடை வேகத்துக்கு வந்ததும் முன்சக்கரம் வளைவின் உட்புறமாகச் சரிந்து விழப் பார்க்கும். சாய்ந்த கழுத்தின் இயல்பு அது. தேயிலைச் செடிகளுக்கிடையே பாதை மடங்கித் திரும்பும் இடங்களில் நீண்ட வண்டியைத் திருப்ப முடியாமல் ஒரு காலை ஊன்ற நேரிடும். சுருண்ட பாதைகள் மட்டுமே உள்ளவருக்கு நான் இத்தனை நீண்ட வண்டியைச் சொல்லமாட்டேன். சப்ரகமுவ மலைகளில் நேரான, செங்குத்தான, கல் நிறைந்த இறக்கங்களே அதிகம் என்பதால் இங்கே கணக்கு இலாபத்தில் முடிகிறது.

ஹேண்டிலின் அகலத்துக்கும் தேயிலைக்கும் ஒரு தனி உறவு இருக்கிறது. இன்றைய ஹேண்டில் 780 மில்லிமீற்றர் அகலம். கொழுந்து பறிக்கும் மட்டத்துக்கு வளர்ந்த இரண்டு வரிசைகளுக்கிடையே உள்ள நடைவழியோ ஒரு ஆள் பக்கவாட்டில் கூடை உரசாமல் போகும் அளவுதான். ஓட்டுபவர் நின்று இறங்கும்போது ஹேண்டிலின் முனைகள் செடியின் தலைமட்டத்துக்குச் சற்று மேலே போகின்றன. மடங்கிய முழங்கைகள் இலைகளின் மேல் உரசிக்கொண்டு வருகின்றன. ஃபோர்க் ஆழமாக அமுங்கும் கணத்தில் மட்டும் முனைகள் இலைக்குள் முழுகி, மறுபடி எழும். ஆகவே முன்பக்கம் எவ்வளவு அமுங்க விடலாம் என்பதைச் செடியின் உயரமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. கவ்வாத்து வெட்டிய மலையில் இந்தக் கவலை இல்லை, வழி அகன்று கிடக்கும். ஆனால் வெட்டிய தண்டுகள் மேலே கூராக நிற்கும், அங்கே விழக் கூடாது. தோட்டம் என்பது ஆட்கள் வேலை செய்யும் இடம். ஆபீசில் சொல்லிவிட்டுப் போவதும், பறிப்பவர்கள் இருக்கும் மலையை விட்டு வேறு வழியில் இறங்குவதும் ஓட்டத்தின் பகுதிதான்.

இறப்பர் காட்டில் வண்டி வேறு குணம் காட்டுகிறது. வெயில் நேரே விழாத மண், அதன் மேல் உதிர்ந்த இலை மெத்தை, இலைக்குக் கீழே ஒளிந்திருக்கும் வேர்கள். மழை விட்ட பிறகு அந்த வேர்களின் வழுக்கலுக்கு ஈடு இல்லை. விதை விழும் காலத்தில் பழுப்புக் கோலம் போட்ட வழவழப்பான விதைகளும் டயருக்கு அடியில் உருளும். இங்கே ஷொக்கைவிட டயரே முதன்மையாகிறது. டியூப் இல்லாத 2.4 அங்குல டயரில் முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். வழக்கமான சைக்கிளுக்குக் காற்றடிப்பவர் இந்த எண்ணைக் கேட்டால் காற்றுப் போய்விட்டது என்றே சொல்வார். அந்தத் தளர்ச்சியில் டயர் வேரின் மேல் மோதி எகிறாமல் அதன் வடிவத்தையே வாங்கிக்கொண்டு ஏறுகிறது. முதல் ஐந்தாறு மில்லிமீற்றர் அசைவு டயருடையது. அதற்குப் பிறகுதான் ஷொக்கின் முறை வருகிறது. டயர் எங்கே விட்டது, ஷொக் எங்கே தொடங்கியது என்று கையால் பிரித்தறிய முடியாத அளவுக்கு இரண்டையும் இசைப்பதுதான் நல்ல அமைப்பு.

டியூப் இல்லாத டயருக்குள் ஒரு கோப்பை வெள்ளைத் திரவம் ஊற்றுகிறோம், முள் குத்தினால் ஓட்டையை அது அடைத்துவிடும். பரவலாக விற்கும் பல வகைகளில் அந்தத் திரவத்தின் அடிப்படை இயற்கை இறப்பர் பால். கெட்டியாகாமல் இருக்க அமோனியா கலந்திருக்கும். போத்தலைத் திறந்ததும் வரும் வாசனை, கேகாலைப் பக்கத் தோட்டங்களில் பால் சேர்க்கும் இடத்தின் வாசனையேதான். வெட்டிய மரத்திலிருந்து வடிந்த பால் வாளியில் உறையாமல் இருக்க அங்கேயும் அமோனியாதான் சேர்க்கிறார்கள். 1876-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடை தாவரவியல் பூங்காவுக்கு வந்த கன்றுகளிலிருந்து தொடங்கியது இந்த நாட்டின் இறப்பர். மரத்தின் காயத்தை மூட மரம் சுரக்கும் பால், அந்த மரங்களின் நிழலிலேயே ஓடும் டயரின் காயத்தையும் மூடுகிறது. இதை அறிந்த நாளிலிருந்து முள் குத்திய இடத்தில் வெள்ளைத் துளி பூத்து உறைவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.

இறங்குவதைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். இந்த வண்டி ஏறுவதில்தான் மதிப்பீட்டாளரின் கண் வேண்டும். பின்பக்கம் அசையும் வண்டியை மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் அமுங்கி எழுந்து உழைப்பைத் தின்னும் என்பது பழைய குற்றச்சாட்டு. ஒரு காலத்தில் அது உண்மை. இன்றைய வடிவமைப்பில் அந்த அமுக்கத்துக்கு எதிராகச் செயினையே பயன்படுத்துகிறார்கள். மிதிக்கும்போது எடை பின்னால் சாய்ந்து ஷொக்கை அமுக்கப் பார்க்கிறது. அதே கணத்தில் செயினின் இழுப்பு, இணைப்புக் கைகள் அமைந்த கோணத்தால், பின்சக்கரத்தைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்தால் வண்டி நிமிர்ந்தபடி ஏறும். செயினின் பங்கை அளவுக்கு மீறிக் கூட்டினால் வேறொரு தொல்லை: சக்கரம் கல்லில் எழும்போது செயின் நீள வேண்டிவந்து, பெடலைப் பின்னால் இழுத்துப் பாதத்தில் உதைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியைத் தேடுவதில்தான் ஒவ்வொரு நிறுவனமும் தன் கையெழுத்தைப் போடுகிறது. ஹோர்ஸ்ட் லைட்னர் என்பவர் பின் அச்சுக்குச் சற்று முன்னால், கீழ்க்கையில் ஒரு மூட்டு வைத்தார். பிரேக்கின் இழுப்பு ஷொக்கை விறைக்கச் செய்யாமல் அது காத்தது. அந்தக் காப்புரிமையை ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 1998-இல் வாங்கி வைத்திருந்தது. 2013-இல் அமெரிக்காவில் அது காலாவதியான பிறகு, அதே மூட்டைப் பல நிறுவனங்களின் வண்டிகளில் பார்க்கிறோம். பிரேக் பிடித்தபடி கல்லடுக்கில் இறங்கும்போது பின்சக்கரம் தடதடக்காமல் ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதற்கு அந்தச் சின்ன மூட்டின் இடமாற்றம்தான் காரணம்.

தோட்டத்துக் கப்பி ரோட்டில், லொறிச் சக்கரங்கள் கிளறிவிட்ட ஏற்றத்தில் இதைச் சோதிக்கலாம். ஷொக் இல்லாத வண்டியில் பின்சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ஒரு சிறு துள்ளல் போடும். துள்ளும் கணத்தில் மிதித்தால் சக்கரம் வெறுமனே சுழன்று நின்றுவிடும். டிரெயில் பைக்கில் சீட்டில் நன்றாக உட்கார்ந்து, பல்லைக் கடிக்காமல், ஒரே சீராக மிதித்தால் போதும். சக்கரம் கல்லுக்குக் கல் உருவம் மாற்றிக்கொண்டு ஏறும். முன்னால் 30 பல், பின்னால் பெரிய தட்டில் 51 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு முழு மிதிக்கு வண்டி நகர்வது ஏறக்குறைய 1.35 மீற்றர் மட்டுமே. நடப்பவரோடு பேசிக்கொண்டே ஏறலாம். பெடலுக்கு மேலே நேராக உட்காரும்படி சீட் குழாயை 76, 77 பாகைக்கு நிமிர்த்தியிருப்பதால் முன்சக்கரம் எழும்பாது. ஏற்றத்தில் வேகமாகப் போக விரும்புகிறவருக்கு இலேசான வண்டிகள் உண்டு. 14, 15 கிலோ எடையுள்ள இது அந்தப் பந்தயத்துக்கு வராது. வழுக்கும் ஏற்றத்தில் கால் ஊன்றாமல் உச்சிக்குப் போவது வேறொரு திறமை. அதில் இதை மிஞ்சும் வண்டியை நான் ஓட்டியதில்லை.

ஏற்றம் முடிந்ததும் இடது கட்டைவிரலால் ஒரு பொத்தான். உடல் எடையை வைத்ததும் சீட் கீழே போகிறது. 1984-இல் ‘ஹைட்-ரைட்’ என்ற பெயரில் ஒரு ஸ்பிரிங்கை சீட் குழாயில் மாட்டி இதைத் தொடங்கினார்கள். ஹேண்டிலிலிருந்தே இயக்கும் இன்றைய வடிவம் வந்த பிறகு, சீட்டை உயர்த்துவதா தாழ்த்துவதா என்று வண்டியை நிறுத்தி யோசிக்கும் வேலை ஒழிந்தது. இறக்கத்தில் உடலுக்கும் வண்டிக்கும் இடையே கிடைக்கும் அந்த வெற்றிடத்தில்தான் சாய்ந்து திருப்பும் கலையே நடக்கிறது.

மலையை விட்டுச் சமவெளிக்கு வந்தால், உண்மையைச் சொல்ல வேண்டும், இந்த வண்டியின் பெரும்பகுதி உறங்கிவிடுகிறது. உடவளவை அணைக்கட்டின் மேல் ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் நேரான தார் வீதி. அங்கே ஊர்ப் பையன் ஒருவனின் லுமாலா சைக்கிள் என்னை எளிதாக முந்தும், முந்த வேண்டும். தடித்த டயர் இரையும், ஷொக்கைப் பூட்டினாலும் எடை எடைதான். மாலை மங்கியபின் அங்குள்ள தேசியப் பூங்காவை ஒட்டிய வழிகள் யானைகளுடையவை, அந்த நேரத்தில் அங்கே சைக்கிளுக்கு வேலை இல்லை.

ஆனால் வாய்க்கால் ஓரச் சரளை வழிகளில் வேறெங்கும் கிடைக்காத ஒரு பாடம் இருக்கிறது. வெயிலும் டிராக்டரும் சேர்ந்து அவற்றில் அலை அலையாக வரி போட்டிருக்கும். வரிக்கு வரி அரை மீற்றருக்குச் சற்று மேல். மணிக்கு 18 கிலோமீற்றரில் ஓடினால் விநாடிக்கு எட்டு அடிகள். ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனால் ஓர் அடிக்கு அமுங்கிய ஷொக் அடுத்தது வருவதற்குள் எழுந்திருக்க வேண்டும். எழும் வேகத்தை, ரிபவுண்டை, அதிகமாகக் கட்டியிருந்தால் ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, இருபது முப்பது மீற்றருக்குள் பின்பக்கம் பாதி ஓட்டத்தில் உட்கார்ந்துவிடும். அதன்பின் ஷொக் இருந்தும் இல்லாதது மாதிரி உள்ளங்கால் எரியும். அந்த வேகத்தை மாற்றும் சிவப்புத் திருகை ஒரு கிளிக் திறந்து மறுபடி அதே வழியில் போனால் தடதடப்பின் சுருதி மாறும். இன்னொரு கிளிக்கில் அது ஒரு மெல்லிய ரீங்காரமாக இறங்கும். மூன்றாவதைத் திறந்தால் பின்சக்கரம் எகிறத் தொடங்கி, சரளையில் பக்கவாட்டில் நழுவும். ஒரு கிளிக் திரும்பி வர வேண்டும். பெரிய கல்லிலும் கானிலும் இந்த நுட்பம் பிடிபடாது. அங்கே அடிக்கும் அடிக்கும் இடையே ஷொக்குக்கு மூச்சு விட நேரம் இருக்கிறது.

எனவே புது வண்டி வாங்கியவர் யார் வந்து கேட்டாலும் நேரே மலைக்குப் போகச் சொல்வதில்லை. முதலில் பம்பால் காற்றை வைத்து, ஷொக்கின் தண்டில் உள்ள இறப்பர் வளையத்தைக் கீழே தள்ளி, ஏறி நின்று இறங்கி, அது 15 மில்லிமீற்றர் நகர்ந்திருக்கிறதா என்று அளக்கச் சொல்கிறேன். பிறகு சந்திரிகா வாவியின் கீழே, நெல்வயலுக்குப் போகும் வாய்க்கால் வழியில் அந்தச் சிவப்புத் திருகோடு ஒரு காலைப்பொழுது. இறக்குவானைக்கு வேன் ஏற்றுவது அதற்குப் பிறகு. தேயிலை மலைக்குப் போனதும் முன் ஃபோர்க்கில் மட்டும் காற்றை இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டிக்கொள்ளலாம், செங்குத்தில் எடை முன்னால் வருமல்லவா.